ரீப்பரில் சத்தம் வரவில்லையா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் பிளே பொத்தானை அழுத்துகிறீர்கள். கோடு நகர்கிறது, அலைவடிவம் கண்ணெதிரே தெரிகிறது, ஸ்பீக்கரில் மட்டும் ஒரு முனகல்கூட இல்லை. இந்தக் கட்டத்தில் பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரீப்பரை நீக்கினாலும் அதன் அமைப்புகள் தனிக் கோப்பாகக் கணினியிலேயே தங்கிவிடும். புதிதாக நிறுவியதும் அதே அமைப்புகள் திரும்ப வரும், அவற்றோடு அதே மௌனமும் வரும்.

ஒலி போகும் வழி ஒன்றுதான். டிராக்கில் (ஒரு குரலுக்கோ வாத்தியத்துக்கோ உரிய தனி வரிசை) உள்ள கிளிப்பிலிருந்து (ஒலித்துண்டு) புறப்பட்டு, அந்த டிராக்கின் பிளகின்களைக் (ஒலியை மாற்றும் அல்லது உருவாக்கும் துணை மென்பொருள்கள்) கடந்து, ஃபேடர் (அளவை ஏற்றி இறக்கும் குமிழ்) வழியாக எல்லா டிராக்குகளும் சேரும் மாஸ்டருக்கு வந்து, அங்கிருந்து டிரைவருக்கும் சவுண்ட் கார்டுக்கும் (அல்லது மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்பேஸுக்கும்) போய், கடைசியில் ஒயர் வழியாக உங்கள் காதுக்கு வருகிறது. இந்த வழியில் மீட்டர் (ஒலியின் அளவைக் காட்டும் பட்டை) ஆடும் கடைசி இடம் எது என்று பார்த்துவிட்டால், பழுது அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே மிக்ஸரைத் திறந்து (கண்ட்ரோலும் எம் எழுத்தும்) டிராக் மீட்டரையும் மாஸ்டர் மீட்டரையும் ஒரே பார்வையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வையுங்கள், இன்டர்பேஸின் வால்யூம் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். தேடும்போது எல்லா அளவுகளையும் ஏற்றிவிடுவது மனித இயல்பு. அடைப்பு நீங்கியதும் அவ்வளவு சத்தமும் ஒரே நொடியில் காதில் பாயும். கேட்கும் திறன் ஒருமுறை போனால் திரும்ப வராது.

இங்கே விண்டோஸில் ஓடும் ரீப்பரை வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருள்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

மாஸ்டர் மீட்டர் ஆடுகிறது, காதில் ஒன்றும் விழவில்லை

அதிகம் பேரை வாட்டுவது இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் பாட்டிலும் பிளகின்களிலும் குறையே இல்லை. ஒலி ரீப்பரை விட்டு வெளியேறும்போதோ வெளியேறிய பிறகோதான் காணாமல் போகிறது.

ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ், அதில் ஆடியோ, அதன் கீழே டிவைஸ் என்ற பக்கத்தைத் திறங்கள். மேலே 'ஆடியோ சிஸ்டம்' என்ற பட்டியல் இருக்கும். அங்கே 'டம்மி ஆடியோ' என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்தத் தேர்வில் ரீப்பர் எந்தக் கருவிக்கும் ஒலியை அனுப்பாது. ஆடியோ இன்டர்பேஸ் வைத்திருப்பவர்கள் 'ஏசியோ'வைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள டிரைவர் பட்டியலில் தங்கள் இன்டர்பேஸைத் தயாரித்தவர்களின் டிரைவரை எடுக்க வேண்டும். ஏசியோ என்பது ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை. விண்டோஸின் கலவைப் பகுதியைச் சுற்றிக்கொண்டு கருவியோடு நேராகப் பேசுவதால் தாமதம் குறைகிறது. ஆனால் அதே காரணத்தால், விண்டோஸில் நீங்கள் எந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை அது கண்டுகொள்ளாது. விண்டோஸின் சத்தம் மடிக்கணினி ஸ்பீக்கரிலும் ரீப்பரின் சத்தம் இன்டர்பேஸிலும் வருவது அதனால்தான். ஹெட்போனை எதில் செருகியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

தனி இன்டர்பேஸ் இல்லாதவர்கள் 'வாசாபி'யைத் தேர்ந்தெடுத்து, பகிர்ந்துகொள்ளும் முறையில் வைத்தால் போதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸில் இருக்கும் முறை இது. இங்கே இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, வெளித்திரையை எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்ததும் அந்தத் திரையையே ஒலிக்கருவியாக விண்டோஸ் எடுத்துக்கொள்வது. திரையில் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கும். மற்றொன்று, விண்டோஸின் சவுண்ட் அமைப்புகளில் உள்ள 'வால்யூம் மிக்ஸர்'. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அளவும் தனி வெளியீடும் அங்கே உண்டு. பாட்டை நிறுத்தாமல் அதைத் திறந்து, ரீப்பரின் கோடு பூஜ்யத்தில் இருக்கிறதா, வேறு கருவிக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

'ஏசியோ ஃபோர் ஆல்' பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சாதாரண சவுண்ட் கார்டை ஏசியோ போலக் காட்டும் இடைத்தரகர் அது. அதன் பலகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் சிறு மின்பொத்தான் படம் இருக்கும். அது ஒளிர்ந்தால்தான் அந்தக் கருவி வேலை செய்கிறது. சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தால் வேறொரு மென்பொருள் கருவியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது உலாவியில் திறந்து மறந்துபோன வீடியோ. அதை மூடிவிட்டு ரீப்பரைத் திறந்தால் சத்தம் வரும்.

இனி வெளியீட்டு ஜோடி. நான்கு வெளியீடு உள்ள இன்டர்பேஸில் மாஸ்டர் 3, 4-க்கு அனுப்பிக்கொண்டிருக்க, ஸ்பீக்கர் 1, 2-இல் செருகியிருக்கும். மாஸ்டர் டிராக்கின் 'ரூட்' பொத்தானை அழுத்தினால் எந்த ஜோடிக்குப் போகிறது என்று தெரியும். அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைச் சேருங்கள்.

இன்டர்பேஸின் முகப்பில் 'மிக்ஸ்' அல்லது 'டைரக்ட் மானிட்டர்' என்ற குமிழ் இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு முனையில் மைக்கின் ஒலி, மறுமுனையில் கணினியின் ஒலி. முழுவதும் மைக் பக்கம் திருகியிருந்தால் கணினியிலிருந்து எதுவும் கேட்காது. மைக்கில் தட்டினால் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், இந்தக் குமிழ்தான்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் மௌனம் என்றால் வியூ மெனுவில் 'மானிட்டரிங் எஃப்எக்ஸ்' என்ற பகுதியைத் திறங்கள். மாஸ்டருக்கும் கருவிக்கும் நடுவே, உங்கள் காதுக்காக மட்டும் ஓடும் பிளகின்கள் இங்கே இருக்கும். அறையின் ஒலியைச் சீர்செய்யும் பிளகினைப் பலர் இங்கேதான் போட்டுவைப்பார்கள். அதன் உரிமக் காலம் முடிந்தாலோ அது தகராறு செய்தாலோ, மாஸ்டர் மீட்டர் ஆட்டம் போடும், காதுக்கு மட்டும் ஒன்றும் வராது. ஆண்டுக்கணக்கில் ரீப்பர் பயன்படுத்துகிறவர்களும் தேட மறக்கும் இடம் இது.

மேல் வலது மூலையில் 'ஆடியோ டிவைஸ் குளோஸ்டு' என்று இருக்கிறது

வழக்கமாக அந்த மூலையில் சாம்பிள் ரேட்டும் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்ற எண்) பஃபர் அளவும் (ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து அனுப்புகிறது என்ற அளவு) தாமதமும் தெரியும். அவற்றுக்குப் பதிலாக இந்த வாசகம் இருந்தால் ரீப்பரால் கருவியைத் திறக்க முடியவில்லை என்று பொருள். பிளே அழுத்தினாலும் கோடு நகராமல் நிற்கலாம்.

முதலில் யூஎஸ்பி ஒயர். ஹப்பில் செருகியிருந்தால் கழற்றிக் கணினியில் நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லியாம்பியர் மட்டுமே. அதையே ஹப்பில் நான்கு கருவிகள் பங்குபோட்டால் இன்டர்பேஸ் தள்ளாடும். செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் ஒயர்களும் வீட்டில் கிடக்கும். அவற்றில் இன்டர்பேஸின் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் அது தெரியவே தெரியாது.

அடுத்து சாம்பிள் ரேட். குறுந்தகட்டின் அளவு 44,100, வீடியோ உலகின் வழக்கம் 48,000. புராஜெக்ட் ஒன்றையும் கருவி இன்னொன்றையும் கேட்டால் சில டிரைவர்கள் திறக்க மறுத்துவிடும். சில டிரைவர்கள் மறுக்காமல் தவறான வேகத்தில் வாசிக்கும். 44,100-இல் பதிவான பாட்டு 48,000-இல் ஓடினால், ஒரு கட்டைச் சுருதியில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே போய் நிற்கும். தம்புராவோடு பாடிப் பழகிய காதுக்கு அது உடனே உறுத்தும். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், உங்கள் கருவியின் பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய் அங்குள்ள அளவையும் ரீப்பரில் உள்ள அளவையும் ஒன்றாக்குங்கள். அதே பக்கத்தில், மென்பொருள்கள் கருவியைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ளலாம் என்ற பெட்டியும் இருக்கிறது. வாசாபியின் பகிர்வு முறையில் இருப்பவர்கள் அதில் உள்ள குறியை நீக்கிப் பார்க்கலாம்.

டிராக் மீட்டர் ஆடுகிறது, மாஸ்டர் அசையவில்லை

டிராக்கின் 'ரூட்' பொத்தானைத் திறந்து 'மாஸ்டர் சென்ட்' பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டருக்குள் இருக்கும் டிராக் என்றால் ஒலி முதலில் தாய் டிராக்குக்குப் போகும். தாய் டிராக் மியூட்டில் இருந்தால் குழந்தைகள் எல்லாம் மௌனம்.

மாஸ்டரின் மியூட் பொத்தான் தானாகவே சிவந்திருந்தால் அவசரப்பட்டு அதை விடுவிக்காதீர்கள். ஒலி ஓர் எல்லையைத் தாண்டினால் மாஸ்டரைத் தானாக மியூட் செய்யும் பாதுகாப்பு ரீப்பரில் உண்டு. அது வேலை செய்திருந்தால் எங்கோ மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தின்று ஊளையிட்டிருக்கின்றன, அல்லது ஒரு பிளகின் வெடித்திருக்கிறது. காரணத்தை நீக்கிவிட்டு விடுவியுங்கள்.

டிராக் மீட்டரே அசையவில்லை

வேறொரு டிராக் சோலோவில் (அதை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றை அடக்கும் நிலை) இருக்கிறதா? நாற்பது டிராக் உள்ள புராஜெக்டில் திரைக்கு வெளியே ஒரே ஒரு மஞ்சள் 'எஸ்' ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஆக்‌ஷன்ஸ் பட்டியலைத் திறந்து 'அன்சோலோ ஆல் டிராக்ஸ்' என்று தேடி இயக்கினால் தீர்ந்தது.

கிளிப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்துங்கள். கிளிப்புக்கு என்று தனி மியூட் உண்டு, டிராக்கின் மியூட்டோடு அதற்குத் தொடர்பில்லை. பிறகு டிராக்கைத் தேர்ந்தெடுத்து வி எழுத்தை அழுத்தினால் வால்யூம் என்வலப், அதாவது பாட்டு ஓடும்போது அளவை மாற்றும் கோடு, தெரியும். யாரோ ஒரு நாள் கீழே இழுத்த கோடு அங்கே தரையில் கிடக்கும். ஃபேடர் உயரத்தில் இருந்தாலும் என்வலப் தரையில் இருந்தால் ஒலி இல்லை.

கிளிப்பில் அலைவடிவமே இல்லையா? கோப்பு இடம் மாறியிருக்கிறது. பென் டிரைவிலிருந்து நேராக இழுத்துப்போட்டு, பிறகு பென் டிரைவைக் கழற்றியவர்களுக்கு இது நேரும். புராஜெக்டைச் சேமிக்கும் 'சேவ் ஆஸ்' பெட்டியில், எல்லா ஒலிக்கோப்புகளையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. எப்போதும் அதில் குறியிட்டுச் சேமியுங்கள்.

அலைவடிவம் இருக்கும் இடத்தில் ஒரே நேர்கோடாக இருந்தால் பதிவாகும்போதே ஒலி வரவில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் பிரைவசி அமைப்புகளில் மைக்ரோஃபோனைப் பயன்படுத்த ரீப்பருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் முதன்முறை கேட்கும்போது கவனியாமல் மறுத்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு கத்திப் பாடினாலும் நேர்கோடுதான் பதிவாகும், எந்த எச்சரிக்கையும் வராது. கண்டென்சர் மைக் என்றால் இன்டர்பேஸில் 48 வோல்ட் பொத்தான் எரிய வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் பிளகின்கள். டிராக்கில் எஃப்எக்ஸ் பொத்தானை ஒட்டியுள்ள மின்பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துங்கள். ஒலி வந்தால், ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் ஒலி போகிறதோ அதுதான் குற்றவாளி. வரம்புக்குக் கீழான ஒலியை அடைக்கும் பிளகின் நாய்ஸ் கேட்; வரம்பை மிக உயரத்தில் வைத்தால் அது மெதுவாகப் பாடும் குரல் முழுவதையும் இரைச்சல் என்று எண்ணி மூடிவிடும்.

மிடி கீபோர்டை அழுத்துகிறேன், வாத்தியம் பேசவில்லை

மிடியில் ஓடுவது ஒலி அல்ல, எந்த விரல் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தியது என்ற செய்தி. ஆகவே இங்கே இரண்டு கேள்விகள்: செய்தி வந்து சேர்கிறதா? சேர்ந்த செய்தியை வாத்தியம் ஒலியாக மாற்றுகிறதா?

முதல் கேள்விக்கு: டிராக்கின் சிவப்பு ரெக்கார்ட் பொத்தான் எரிய வேண்டும், உள்ளீடு மிடி என்று இருக்க வேண்டும், எல்லா சேனல்களையும் ஏற்க வேண்டும், உள்ளே வருவதை உடனே கேட்கவிடும் மானிட்டர் பொத்தான் ஆனில் இருக்க வேண்டும். பிரிபரன்சஸில் மிடி டிவைசஸ் பக்கத்தில் உங்கள் கீபோர்டு உள்ளீடாக இயக்கப்பட்டிருக்க வேண்டும். வழக்கமான விண்டோஸ் மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். பின்னணியில் வேறு இசை மென்பொருள் திறந்திருந்தால் மூடுங்கள். ஆல்ட்டும் பி எழுத்தும் அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். அதில் ஒலி வந்து கையில் உள்ள கீபோர்டில் வராவிட்டால் பழுது ஒயரிலோ மிடி அமைப்பிலோ இருக்கிறது.

இரண்டாம் கேள்விக்கு: அதே டிராக்கில் உங்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டு ரீப்பரோடு வரும் 'ரியாசிந்த்' பிளகினைப் போடுங்கள். அழகான ஒலி இல்லை, ஆனால் நம்பகமானது. அது ஒலித்தால் டிராக், மாஸ்டர், டிரைவர் எல்லாம் நலம், வாத்தியத்தில்தான் விஷயம்.

வாத்தியத்தில் நான் முதலில் பார்ப்பது மிடி கீபோர்டில் உள்ள மாடுலேஷன் சக்கரத்தை. பல ஆர்கெஸ்ட்ரா ஒலித்தொகுப்புகளில் வயலின் கூட்டத்தின் சத்த அளவை நிர்ணயிப்பது கட்டையை அழுத்தும் வேகம் அல்ல, அந்தச் சக்கரம். சக்கரம் கீழே கிடந்தால் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி வராது, அல்லது கிசுகிசுப்பாக வரும். மேலே தள்ளுங்கள், வயலின்கள் எழுந்து நிற்கும். கீபோர்டில் உள்ள ஸ்லைடர்களும் இப்படித்தான். பலவற்றில் ஒரு ஸ்லைடர் மிடியின் 7-ஆம் எண் கட்டுப்பாட்டை, அதாவது வால்யூமை அனுப்பும். கைபட்டு அது கீழே போனால் வாத்தியத்துக்குள்ளே அளவு பூஜ்யமாகிவிடும், திரையில் உள்ள ஃபேடர் எதுவும் அதைக் காட்டாது. அதே ஸ்லைடரை மேலும் கீழும் ஒருமுறை ஆட்டினால் போதும்.

பிறகு ஸ்தாயி. ஒரு புல்லாங்குழலுக்கு எல்லாக் கட்டைகளிலும் ஒலி இருக்காது. கான்டாக்ட் என்ற வாத்திய பிளகினில், ஒலிக்கும் கட்டைகள் நீல நிறத்தில் தெரியும், வாசிப்பு முறையை மாற்றும் கட்டைகள் சிவப்பில் தெரியும். சிவப்புக் கட்டையை அழுத்திவிட்டு ஒலி வரவில்லை என்று வருந்த வேண்டாம். சேனலையும் பாருங்கள். மிடியில் சேனல்கள் 16, வாத்தியம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்க நீங்கள் இன்னொன்றில் அனுப்பினால் இருவரும் சந்திக்கவே மாட்டீர்கள்.

பாட்டு கேட்கிறது, குரலை மட்டும் காணவில்லை

ஹெட்போன் ஜாக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகுங்கள். அது பாதி செருகியிருந்தால் இடது, வலது இரண்டுக்கும் பொதுவான தரைக்கம்பி தொடாமல் போகும். அப்போது காதுக்கு வருவது இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. குரல், பேஸ் போல நடுவில் வைத்தவை இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மிஞ்சும். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும்.

ஹெட்போனில் சரியாகக் கேட்டு, ஒற்றை ஸ்பீக்கர் உள்ள செல்பேசியில் மட்டும் குரல் மறைந்தால், ஏதோ ஒரு பக்கத்தின் ஃபேஸ் (ஒலி அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழாக இருக்கிறது. மாஸ்டரில் உள்ள மோனோ பொத்தானை அழுத்திப் பார்த்தால் கணினியிலேயே அது தெரியும். குரல் டிராக்கில் ஃபேஸைத் திருப்பும் பொத்தானையும், ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பிளகின்களையும் சோதியுங்கள்.

கொஞ்ச நேரம் கேட்டு நின்றுபோகிறது

நிற்கும் நேரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கால இடைவெளி என்றால் அது உரிமம் வாங்காத பிளகினாகத்தான் இருக்கும். இலவச கான்டாக்ட் பிளேயரில், முழுக் கான்டாக்டுக்காகச் செய்த ஒலித்தொகுப்பைத் திறந்தால் 15 நிமிடம் மட்டுமே ஒலிக்கும்.

வேறு ஜன்னலுக்குப் போகும்போது நின்றால், பிரிபரன்சஸின் ஆடியோ பக்கத்தில் ரீப்பர் முன்னணியில் இல்லாதபோது கருவியை மூடும் தேர்வை எடுத்துவிடுங்கள். புளூடூத் ஹெட்செட் என்றால் வேறு கதை. அதன் மைக்கை ஏதாவது மென்பொருள் திறந்த நொடியில், ஸ்டீரியோ முறையை விட்டுத் தொலைபேசி முறைக்கு அது மாறும். ஒலி நின்றுபோகும் அல்லது தரம் இறங்கும். பதிவு வேலைக்குப் புளூடூத் வேண்டாம் என்பதே என் கருத்து. தாமதமே பாடகரைத் தாளத்திலிருந்து தள்ளிவிடும்.

படபடவென்று வெடித்துவிட்டு நின்றால் பஃபர் போதவில்லை. 48,000 சாம்பிள் ரேட்டில் 512 பஃபர் என்றால் சுமார் 10.7 மில்லிசெகண்ட். கலவை செய்யும்போது அதை 1024 ஆக்கினாலும் காதுக்கு எந்த இழப்பும் இல்லை. வெடிக்காமல் திடீரென்று முழுப் பாட்டும் அடங்கினால், ஒரு பிளகின் பொருளற்ற எண்களைக் கக்கி, அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் கெடுத்திருக்கலாம். சந்தேகப்படும் பிளகினை ஆஃப்லைனாக்கி மறுபடி ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள். அரைமணிக்கு ஒருமுறை இன்டர்பேஸே மறைந்து வந்தால், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி துளைகளைத் தூங்கவைக்கும் தேர்வை நிறுத்துங்கள்.

வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு

மேலே சொன்ன வழி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குணம் மட்டும் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவில் பேட்டர்ன் முறை, சாங் முறை என்று இரண்டு. பேட்டர்னில் இசையமைத்துவிட்டுச் சாங் முறையில் பிளே அழுத்தினால், காலியான பிளேலிஸ்ட்தான் ஓடும். ஏபிள்டன் லைவில் அரேஞ்ச்மென்ட் டிராக்குகள் மங்கித் தெரிந்தால், செஷன் பக்கத்தில் இயக்கிய கிளிப் அவற்றை அடக்கிவைத்திருக்கிறது. 'பேக் டு அரேஞ்ச்மென்ட்' பொத்தானை அழுத்துங்கள். கியூபேஸில் எஃப்4 அழுத்தி வெளியீடு எந்தக் கருவியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆடாசிட்டி திறந்தபின் இன்டர்பேஸைச் செருகினால் அதற்குத் தெரியாது. கருவிகளை மறுபடி தேடும் 'ரீஸ்கேன்' கட்டளையை இயக்க வேண்டும்.

திரையில் கேட்கிறது, ரெண்டர் செய்த கோப்பில் இல்லை

ரெண்டர் என்பது புராஜெக்டை ஒலிக்கோப்பாக வெளியெடுப்பது. ரெண்டர் பெட்டியில் மேலே எதை எடுக்கிறது, எந்த அளவுக்கு எடுக்கிறது என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். 'மாஸ்டர் மிக்ஸ்', 'என்டயர் புராஜெக்ட்' என்று இரண்டும் இருக்கட்டும். 'டைம் செலக்‌ஷன்' என்று இருந்து, நீங்கள் குறித்த பகுதி பாட்டு முடிந்த பிறகான வெற்றிடமாக இருந்தால் அந்த வெற்றிடமே கோப்பாகும்.

ஒரு டிராக் மட்டும் கோப்பில் விடுபட்டால், அந்த டிராக்கின் ரூட் பெட்டியைப் பாருங்கள். மாஸ்டர் சென்ட் நிறுத்தப்பட்டு, டிராக்கிலிருந்து நேராக இன்டர்பேஸின் வெளியீட்டுக்கு ஓர் இணைப்பு போட்டிருக்கும். மாஸ்டரைத் தொடாமல் அது ஸ்பீக்கருக்குப் போவதால் உங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், மாஸ்டரிலிருந்து எடுக்கும் கோப்பில் மட்டும் இருக்காது. மாஸ்டர் சென்டில் குறியிட்டு, நேர் இணைப்பை நீக்கிவிட்டு, மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.